தேங்காய் எண்ணெயா, வாஸ்லினா? பனிக்காலத்தில் எந்தக் கட்சியில் சேரலாம்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் வீட்டுக்கு வீடு இரண்டு கட்சிகள் முளைத்துவிடும். "நல்லெண்ணெய் தேய், சுக்குக் கசாயம் குடி, எல்லாம் சரியாப் போயிடும்" என்பது ஒரு கட்சி. போன வாரம் விளம்பரத்தில் பார்த்த லோஷனை வாங்கி அலமாரியில் அடுக்குவது இன்னொன்று. என் சொந்தக்காரர்கள் இரண்டிலும் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் பிடிவாதம் ஒரே அளவுதான். ஒவ்வொன்றாக எதிரெதிரே வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: சாப்பாட்டில் பாட்டி கட்சி ஜெயிக்கிறது. தோலில் மருந்துக் கடை ஜெயிக்கிறது, அதுவும் அங்கே இருப்பதிலேயே விலை குறைந்த சரக்கு.

முதலில் நம் ஊர்க் குளிர் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். ஊட்டி, கொடைக்கானலை விட்டுவிட்டால் தமிழ்நாட்டில் நமக்குத் தொல்லை தருவது குளிரைவிட வறட்சிதான். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 18, 20 டிகிரியில் இருக்கும். மதியம் 30-ஐ எட்டிப் பார்க்கும். வாடைக்காற்று ஈரம் இல்லாமல் வீசும். தோலிலிருந்து நீர் சத்தமில்லாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சென்னைக்காரருக்குக் கடல் காற்று கொஞ்சம் ஈரத்தைக் கொடுத்துவிடுவதால் அங்கே இந்தக் கஷ்டம் குறைவு. அதனால் சென்னை அத்தை சொல்லும் யோசனை திருப்பூர் மருமகளுக்குப் பொருந்தாமல் போனால் அதில் ஆச்சரியம் இல்லை.

எண்ணெய், ஜெல்லி, லோஷன்

தேங்காய் எண்ணெயிலிருந்து தொடங்கலாம். 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் எண்ணெய் இது. மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது. வெந்நீர்ச் சொம்பில் முக்கி வைப்பார்கள், மொட்டை மாடிச் சுவரில் வெயிலுக்கு வைப்பார்கள், அவசரக்காரர்கள் துடைப்பக் குச்சியை விட்டுக் கிளறுவார்கள். உறைவதால் எண்ணெய் கெட்டுப்போவதில்லை. "உறைஞ்சாத்தான் சுத்தமான எண்ணெய்" என்றும் அடித்துச் சொல்ல முடியாது. வேறு கொழுப்பைக் கலந்தாலும் உறையும்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ளவர்களிடம் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குப் பலன் தந்தன. மினரல் ஆயில் என்பது வேறொன்றும் இல்லை, கடையில் வாசனை சேர்த்து பேபி ஆயில் என்று விற்கிறார்களே, அதன் அடிப்படைச் சரக்கு. ஆக, வீட்டில் நல்ல தேங்காய் எண்ணெய் இருக்கும்போது பேபி ஆயிலுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நல்லெண்ணெய் உறையாது, உடம்பில் நன்றாகப் பரவும். ஆனால் வாசனை போகாது, பனியனில் கறை பிடிக்கும். வாரம் ஒரு நாள் எண்ணெய்க் குளியலுக்கு அதுதான் சரி. தினமும் பூசிக்கொண்டு அலுவலகம் போக ஆகாது. ஆலிவ் எண்ணெய் என்று ஒன்றைக் குழந்தைக்குத் தேய்க்க வாங்குகிறார்களே, அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பிரிட்டனில் 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களின் தோலில் தொடர்ந்து பூசியபோதே அது தோலின் வெளிப்படலத்தைப் பலவீனமாக்கியது தெரிந்தது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. விலையைப் பார்த்து மதிப்புப் போடும் பழக்கத்துக்கு இது ஒரு நல்ல அடி.

இப்போது பெட்ரோலியம் ஜெல்லி. ராபர்ட் சீஸ்பரோ என்ற அமெரிக்கர் 1872-ல் காப்புரிமை வாங்கி வாஸ்லின் என்று பெயரிட்டு விற்ற சரக்கு. நூற்றைம்பது வருடமாகியும் தோலிலிருந்து நீர் வெளியேறாமல் தடுப்பதில் இதை மிஞ்சிய பொருள் அபூர்வம். எண்ணெய் ஓரளவு தடுக்கும், ஜெல்லி ஏறக்குறைய முழுவதும் அடைத்துவிடும். வாசனை இல்லை என்பதால் அரிப்பும் ஒவ்வாமையும் வருவது மிகக் குறைவு. குறை என்னவென்றால், பிசுபிசுக்கும். பகலில் முகத்தில் பூசிக்கொண்டு வண்டியில் போனால் அவிநாசி ரோட்டுத் தூசி முழுக்க முகத்தில் உட்கார்ந்துகொள்ளும். முகப்பரு உள்ளவர்களுக்கும் அந்தக் கனமான படலம் ஒத்துவராது. அதனால் ராத்திரிக்கு, கை, கால், உதடு, முழங்கை ஆகியவற்றுக்கு மட்டும் ஜெல்லி.

லோஷன் பெரும்பாலும் தண்ணீர்தான். புட்டியின் பின்னால் இருக்கும் பட்டியலைப் படியுங்கள், அளவில் அதிகம் உள்ள பொருள் முதலில் இருக்கும். முதல் பெயர் தண்ணீராக இருக்கும். ஐந்து பெயர்களுக்குள் கிளிசரின் வந்துவிட்டால் வாங்கலாம். கற்றாழையும் குங்குமப்பூவும் முன்பக்கம் பெரிதாகப் படம் போட்டிருந்து, பட்டியலில் வாசனைத் திரவியத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். லோஷனுக்கு ஒரு சாதகம், சீக்கிரம் உள்ளே போய்விடும், சட்டையில் ஒட்டாது. பகலுக்கு அது போதும். கிளிசரினையும் பன்னீரையும் கலந்து பூசும் பழைய வழக்கமும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது, காசு பல மடங்கு குறைவு. கிளிசரினைத் தனியாக அப்படியே பூசாதீர்கள், அது தோலின் அடியிலிருந்து நீரை இழுத்துக் காய்ந்த காற்றில் விட்டுவிடலாம்.

ஆனால் எதைப் பூசினாலும், குளித்துத் துவட்டிய ஈரம் லேசாக இருக்கும்போதே பூச வேண்டும். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, மூன்று நிமிடத்துக்குள். உலர்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்த காலில் மதியம் பூசும் விலை உயர்ந்த க்ரீமைவிட, ஈரக் காலில் காலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் மேல். பத்துப் பேரில் எட்டுப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

சோப்பா, பயத்தம் மாவா

சாதாரண சோப்பின் காரத்தன்மை பி.எச். 9, 10 அளவில் இருக்கும். நம் தோல் 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை உடையது. இரண்டும் தினமும் மோதினால் தோலின் எண்ணெய்ப் படலம் கரைகிறது. கடைக்காரர்கள் டி.எஃப்.எம். 76-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அது கொழுப்புப் பொருளின் அளவைச் சொல்லும் எண். முதல் தரச் சோப்பா என்பது அதில் தெரியும், காரம் குறைவா என்பது தெரியாது. காரம் குறைந்தது வேண்டுமென்றால் சின்டெட் என்ற வகைக் கட்டிகளை மருந்துக் கடையில் கேட்க வேண்டும். விலை கூடத்தான்.

பயத்தம் மாவு இதற்கு நல்ல மாற்று. காரம் இல்லை, அழுக்கையும் அதிகப்படி எண்ணெயையும் எடுத்துவிடும். இரண்டு நிபந்தனைகள்: துணியில் சலித்த மாவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வறண்ட தோலில் உப்புத்தாள் போலக் கீறும். ஈரக் கையை டப்பாவுக்குள் விடக்கூடாது, ஒரே வாரத்தில் வண்டு வைத்துவிடும். பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் எல்லாம் சேர்த்த நலங்கு மாவு மணமாக இருக்கும், ஆனால் ஏற்கெனவே அரிப்பு இருப்பவர்களுக்கு வெறும் பயறு மாவே உத்தமம். நான் சொல்லும் சமரசம்: அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் பாதத்துக்கும் சோப்பு, கை கால் முதுகுக்கு மாவு அல்லது வெறும் தண்ணீர்.

வெந்நீர் விஷயத்தில் சமரசம் இல்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டால் சுகமாகத்தான் இருக்கும், அரை மணி நேரத்தில் முதுகு அரிக்கத் தொடங்கும். வெதுவெதுப்பு, பத்து நிமிடம், போதும்.

பொடுகுக்கு எண்ணெய் வைக்கலாமா

பனிக்காலத்தில் பொடுகு கூடும். உடனே தலையில் எண்ணெயை அப்புவோம். செதில்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு தோளில் உதிராமல் இருக்கும், குறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலாசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் மருந்து சேர்த்த ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் தலையில் ஊறவிட்டு அலசினால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். பொடுகு இல்லாமல் வெறும் வறட்சி என்றால் எண்ணெய் தாராளமாக வைக்கலாம்.

கொள்ளு ரசமா, பாக்கெட் சூப்பா

இதில் போட்டியே இல்லை. கொங்கு நாட்டில் குளிர் வந்தால் கொள்ளு வேகவைத்த தண்ணீர் வீணாகாது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, புளி கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கினால் ரசம். வெந்த கொள்ளை வரமிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்துக் கடைந்தால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆச்சு. 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி கடைசலில் நிற்கும். பாக்கெட் சூப்பில் சோள மாவும் உப்பும்தான் முக்கியம். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு கிண்ணம் சூப் அதில் ஒரு நல்ல துண்டைக் கடித்துவிடும். மூக்கடைப்புக்கு இதமாக இருப்பது சூடும் ஆவியும் மிளகின் காரமும். அது ரசத்திலேயே இருக்கிறது.

சுக்கு மல்லிக் காபி, மஞ்சள் பால்

இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருளில் ஒரு பகுதி ஷோகால் என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது, அது இன்னும் காரம். சுக்கின் உறைப்பு தொண்டையில் தங்கி நிற்பது அதனால்தான். தொண்டை கரகரப்புக்கு இஞ்சி டீயைவிடச் சுக்கு மல்லிக் காபிக்கே என் ஓட்டு. காபித் தூள் சேராது என்பதால் ராத்திரி குடித்தாலும் தூக்கம் கெடாது. ஒன்றே ஒன்று, கருப்பட்டி போட்டதால் சர்க்கரை நோயாளிகளுக்குப் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்கள் இனிப்பு இல்லாமல் குடிக்கட்டும்.

மஞ்சள் பாலுக்கு இவ்வளவு பெருமை தேவையில்லை என்பது என் கட்சி. மிளகு சேர்த்தால் மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்ற பொருள் இருபது மடங்கு உடம்பில் ஏறும் என்று எல்லாரும் சொல்வதற்கு மூலம் பெங்களூரில் செய்து 1998-ல் வெளியான ஓர் ஆய்வு. அங்கே கொடுத்தது 2 கிராம் குர்க்குமின். மஞ்சள் தூளில் குர்க்குமின் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்குதான், நாம் போடுவதோ ஒரு சிட்டிகை. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சூடான பால் தூங்கப்போகும் முன் இதமாக இருக்கிறது, அந்த மட்டுக்குச் சந்தோஷம்.

நெல்லிக்காயா, ஆரஞ்சா, மாத்திரையா

100 கிராம் ஆரஞ்சில் வைட்டமின் சி 40 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். கொய்யாவில் 200, பெருநெல்லியில் 250 என்ற அளவில். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராமே தாராளம். பெருநெல்லி கிடைக்கும் காலமும் இதுதான், உழவர் சந்தையில் குவித்து வைத்திருப்பார்கள். பல் கூசுகிறவர்கள் கொய்யா பக்கம் போகலாம்.

சளி பிடித்த பிறகு மாத்திரை போட்டு என்ன பயன்? தினமும் வைட்டமின் சி எடுத்து வந்த பெரியவர்களுக்குச் சளி இருக்கும் நாள்கள் 8 சதவீதம் அளவுக்குக் குறைந்தன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். தும்மல் வந்த பிறகு தொடங்கியவர்களுக்கு நிச்சயமான பலன் தெரியவில்லை. ஆரஞ்சு நிற மாத்திரையைச் சப்புவதில் ஒரு நிம்மதி கிடைக்கிறது என்றால் சரி, தடுக்கவில்லை.

பித்தவெடிப்பு

குதிகாலில் வெடிப்பு விழுந்து போர்வை நூலில் மாட்டி இழுக்கும்போது உயிர் போகும். தேங்காய் எண்ணெயில் மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசுவது வீட்டு வழி. அது மேலே படலமாக நின்று ஈரத்தைக் காக்கும், ஆனால் தடித்துப்போன தோலை இளக்காது. அந்த வேலைக்கு யூரியா சேர்த்த க்ரீம் வேண்டும். 10 சதவீதம் லேசான வெடிப்புக்கு, 20, 25 சதவீதம் தடித்த குதிகாலுக்கு. வெந்நீரில் கால் ஊறவைத்து, ஈரத்தோடு க்ரீம் தடவி, பருத்திக் காலுறை மாட்டிக்கொண்டு படுத்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். பிளேடால் சீவுவது வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெடிப்பில் ரத்தமோ நீரோ கசிந்தால் க்ரீமோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால், வெந்நீரின் சூட்டை வேறு யாராவது கை வைத்துப் பார்ப்பதும் நல்லது.

கரி அடுப்பும் கேஸ் கீசரும்

ஊட்டி, கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு இது. அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் அவ்வப்போது வருகின்றன. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்தில் தெரியவே தெரியாது. இரண்டு கம்பளியும் ரப்பர் வெந்நீர்ப் பையும் போதும். மின்சார ஹீட்டர் இருந்தால் படுக்கும் முன் அறையைச் சூடேற்றிவிட்டு அணைத்துவிடலாம். சமவெளியில் குளியலறைக்குள் மாட்டியிருக்கும் கேஸ் கீசருக்கும் இதே ஆபத்து உண்டு. மின்சார கீசரைவிடச் செலவு குறைவு என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்கள், காற்றோட்டமான பால்கனியில் மாட்டிக் குழாய் வழியாக வெந்நீரை உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். குழாய் வேலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.