கேம்பரின் ஆட்டத்தை அடக்கும் உராய்வுத் தண்டு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள டிரெய்லர்தான் கேம்பர். ஒற்றை அச்சு கொண்ட என் சிறிய கேம்பரில், பக்கவாட்டு ஆட்டத்தை அடக்கும் உராய்வு வகை ஸ்வே கன்ட்ரோல் தண்டு ஒன்றைப் பொருத்தி ஓராண்டு ஆகிறது. சாமான்களோடு சேர்த்து 950 கிலோ எடை வரும் அந்தக் கேம்பரை நடுத்தர அளவுள்ள பிக்கப் டிரக் ஒன்று இழுக்கிறது. இழுவைத் திறனைப் பொறுத்தவரை அந்த டிரக்குக்கு இது ஒரு பாரமே அல்ல. ஆனாலும் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டியதும் கேம்பரின் பின்பகுதி இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். முந்திச் செல்லும் பெரிய லாரியின் முகப்புக் காற்று அதை முதலில் வெளியே தள்ளும், லாரி கடந்ததும் உள்ளே இழுக்கும், அதற்குப் பிறகு ஐந்தாறு முறை ஆடித்தான் அடங்கும். அந்த ஆட்டத்தைக் குறைக்கத்தான் இந்தத் தண்டை வாங்கினேன், அது குறைக்கவும் செய்தது. இருந்தாலும், தண்டு செய்த வேலை எவ்வளவு, தண்டை வாங்கும் முன்பே நான் செய்திருக்க வேண்டிய வேலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரையால் யாருக்கும் பயன் இல்லை.

பொருள் மிக எளிமையானது. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு பாகங்கள், அவற்றுக்கு நடுவே பிரேக் கட்டையைப் போன்ற உராய்வுப் பட்டைகள், அவற்றை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு கைப்பிடி, இறுக்கத்தின் அளவைத் திருத்த ஒரு போல்ட், அவ்வளவுதான். ஒரு முனை டிரக்கின் பின்னால் உள்ள ஹிட்ச் என்னும் இணைப்பில், கேம்பரை மாட்டும் பெரிய உருண்டைக்குப் பக்கத்தில் உள்ள சிறிய உருண்டையிலும், மறுமுனை கேம்பரின் முக்கோணச் சட்டத்தில் பொருத்திய இன்னொரு சிறிய உருண்டையிலும் மாட்டிக்கொள்ளும். பெரிய உருண்டையின் மையத்துக்கும் சட்டத்தில் உள்ள சிறிய உருண்டையின் மையத்துக்கும் இடையே 24 அங்குல இடைவெளி வேண்டும் என்கிறது பொருத்தும் முறை. அந்த அளவைச் சரியாகப் பிடிப்பதும், சட்டத்தில் துளையிட்டுத் தகட்டைப் பதிப்பதும் ஒரு காலை நேர வேலை. கேம்பர் பக்கவாட்டில் திரும்ப முயலும்போதெல்லாம் தண்டு நீளவோ சுருங்கவோ வேண்டியிருக்கும், அந்த அசைவைப் பட்டைகளின் உராய்வு எதிர்க்கும்.

பொருத்திய முதல் பயணத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. முன்பு ஐந்தாறு முறை ஆடிய இடத்தில் மூன்று முறையோடு நின்றது. எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அந்த மூன்று ஆட்டங்களும் ஏன் மிஞ்சின என்ற கேள்வி விடவில்லை. அப்போதுதான் கேம்பரின் முன்பாரத்தை, அதாவது அதன் முன்முனை ஹிட்ச் உருண்டையின் மேல் அழுத்தும் எடையை, அளந்து பார்த்தேன்.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் புதியவை அல்ல. அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கும். டிரெய்லரிலும் அதே கணக்குதான், வேகம் கூடும்போது அதன் விளைவு பல மடங்கு கடுமையாகும் என்பதுதான் வேறுபாடு. இந்த வகைக் கேம்பரில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை ஹிட்ச் உருண்டையின் மேல் அழுத்த வேண்டும் என்பது பொது விதி. அதை வீட்டில் உள்ள எடைக் கருவியாலேயே அளக்கலாம். எடைக் கருவியையும் அதே உயரமுள்ள ஒரு செங்கல்லையும் மூன்று அடி இடைவெளியில் வைத்து, இரண்டின் மேலும் ஓர் உறுதியான பலகையைப் போட்டு, கருவி காட்டும் எண்ணை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, சக்கரங்களுக்கு அணை கொடுத்த கேம்பரின் கப்ளரை (உருண்டையின் மேல் உட்காரும் முன்முனையை) செங்கல்லிலிருந்து ஓரடித் தூரத்தில் பலகையின் மேல் இறக்கினால், கூடும் எடையைப் போல மூன்று மடங்கே முன்பாரம். எனக்குக் கூடியது 21 கிலோ. அப்படியானால் முன்பாரம் 63 கிலோ, மொத்த எடையில் ஏழு சதவீதம்கூட இல்லை. அந்த எண்ணைப் பார்த்தபோது, இத்தனை நாள் குடும்பத்தோடு எப்படிப்பட்ட வண்டியில் போய்க்கொண்டிருந்தோம் என்று நெஞ்சு பதைத்தது.

காரணம் கண்ணெதிரிலேயே இருந்தது. கேம்பரின் பின்புறத் தாங்கியில் இரண்டு சைக்கிள்கள், தாங்கியோடு சேர்த்து 34 கிலோ, அச்சிலிருந்து 2.4 மீட்டர் பின்னால் தொங்கின. அச்சிலிருந்து ஹிட்ச் உருண்டைக்கு 3.4 மீட்டர். ஆகவே அந்தச் சைக்கிள்கள் மட்டுமே முன்பாரத்தில் 24 கிலோவைத் தூக்கிவிட்டிருந்தன. அவை அவ்வளவு தொலைவில் இருந்ததால், ஒருமுறை ஆடத் தொடங்கிய கேம்பரை நிறுத்துவதும் கடினமாயிற்று. சைக்கிள்களைத் தாங்கியோடு கழற்றி டிரக்கின் பின்புறச் சரக்குத் தொட்டிக்கு மாற்றினேன். பின் அலமாரியில் இருந்த 25 கிலோ கருவிப்பெட்டியை அச்சுக்கு முன்னால் உள்ள பெட்டியில் வைத்தேன். மறுபடி அளந்தபோது கூடியது 37 கிலோ, அதாவது முன்பாரம் 111 கிலோ. குறைந்துபோன மொத்த எடையில் அது 12 சதவீதம். என் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், அது நிரம்பியிருக்கும்போதும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டேன். உங்கள் தொட்டி எங்கே இருக்கிறது என்பதை அவசியம் குனிந்து பாருங்கள்.

டயர்களும் உயரமும் அடுத்த வேலை. கேம்பரின் ஒட்டுவில்லையில் டயர் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்க, டயர்களில் 38 தான் இருந்தது. டிரக்கின் பின் டயர்களிலும் வெறும் வண்டிக்கான அழுத்தமே இருந்தது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுத்து, ஆட்டத்துக்கு இடம் தரும். ஹிட்ச் உருண்டை உயரமாக இருந்ததால் கேம்பர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, உருண்டையைத் தாங்கும் பால் மவுன்டில் தாழ்வான ஒன்றைப் போட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்தேன்.

இவற்றை எல்லாம் முடித்த பிறகு, தண்டின் கைப்பிடியைத் தளர்த்திவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். லாரி கடந்ததும் இரண்டு ஆட்டம், பிறகு அமைதி. தண்டை இறுக்கியதும் ஒரே ஒரு அசைவோடு நின்றுவிட்டது. பாரத்தைத் திருத்தாமல் தண்டு மட்டும் தந்த பலனைவிட, தண்டே இல்லாமல் பாரத்தைத் திருத்தியதால் கிடைத்த பலன் பெரிது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கேம்பருக்கும் அதன் பாரத்தையும் அமைப்பையும் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும், அதற்கு மேலே தானாக வளரும். உராய்வுத் தண்டு கொடுக்கும் எதிர்ப்பு ஏறக்குறைய ஒரே அளவானது. ஆட்டம் பெரிதானால் அதற்கேற்ப அது வளர்வதில்லை. அதனால் சிறிய அலைவுகளை அது நன்றாக விழுங்கும், பெரிய ஆட்டத்தின் முன் தோற்றுப்போகும். பின்பாரம் மிகுந்த கேம்பரில் இதைப் பொருத்துபவருக்குச் சிறிய அலைவு என்னும் எச்சரிக்கையே கிடைக்காமல் போகிறது. அவர் துணிந்து வேகத்தைக் கூட்டுவார், ஆட்டம் வரும்போது தண்டால் தடுக்க முடியாத வேகத்தில் வரும். அப்படி வந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கேம்பருக்கு மின் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் மெதுவாக இயக்க வேண்டும். டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், எதிர்த்திசையில் ஸ்டியரிங்கை ஒடிப்பதும் நிலைமையை மோசமாக்கும்.

தண்டின் குறைகளில் முதன்மையானது பின்னோக்கி ஓட்டும்போது வரும் தொல்லை. கூர்மையாகத் திருப்பிப் பின்னே வருவதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். ஒருநாள் மாலை, இருட்டும் அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். தண்டு முழுவதும் சுருங்கி, அதற்கு மேல் போக இடமில்லாமல் முட்டி நின்றபோது இரும்பு முனகிய சத்தம் டிரக்குக்குள் வரை கேட்டது. இறங்கிப் பார்த்தால் சறுக்கும் தகடு லேசாக வளைந்திருந்தது, அதை மாற்ற வேண்டியதாயிற்று. மழையும் இதற்கு ஆகாது. இரவெல்லாம் நனைந்த தண்டின் தகட்டில் காலையில் மெல்லிய துரு படிந்திருக்கும், முதல் சில கிலோமீட்டர் வரை பிடிப்பு ஒரே சீராக இருக்காது, ஒவ்வொரு திருப்பத்திலும் கரகரக்கும். சத்தத்தைப் பொறுக்காமல் எண்ணெய் விட்டால் பட்டைகள் பாழாகும். வழுக்கும் சாலையில் தண்டைத் தளர்த்தியே ஓட்டச் சொல்கிறார்கள். டிரக் திரும்ப விரும்பும்போது தண்டு அதை நேராகவே பிடித்துவைக்க முயலும் என்பதால் அது சரியான அறிவுரையே. டிரெய்லர் டிரக்கைத் தள்ளும் விசையால் இயங்கும் சர்ஜ் பிரேக் உள்ள கேம்பர்களில் பல தண்டுகளைப் பொருத்தவே கூடாது, வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் வாங்கலாமே என்று சிலர் கேட்டார்கள். டிரக்கின் பின்பகுதி அமுங்கி முன் சக்கரங்கள் இலேசாகும் அளவுக்கு முன்பாரம் இருந்தால் அது தேவை. 111 கிலோவுக்கு அது மிகை. புதிய டிரக்குகளில் உள்ள மின்னணு ஆட்டக் கட்டுப்பாடு நல்ல துணை, ஆனால் அது ஆட்டம் தொடங்கிய பிறகே சக்கரங்களுக்குத் தனித்தனியே பிரேக் கொடுத்து அடக்குகிறது. தண்டோ முதல் அசைவிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது.

முன்பாரத்தை அளந்து திருத்திய பிறகும் பக்கக் காற்றில் கேம்பர் அசைகிறது என்றால் இந்தத் தண்டைத் தயங்காமல் வாங்கலாம். நான் இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சறுக்கும் தகட்டைக் காய்ந்த துணியால் துடைத்து, பட்டைகளின் தடிமனைப் பார்த்து, கைப்பிடியை இறுக்குகிறேன். சாமான்களின் இடம் மாறியிருந்தால் அதற்கு முன் பலகையும் எடைக் கருவியும் வெளியே வந்துவிடும்.