டைல்ஸுக்குப் பின்னால் எந்தப் போர்டு? மர வீட்டுக் குளியலறைக்கு ஓர் ஒப்பீடு

குளியல் தொட்டிக் குழாய்க்குக் கீழே இருந்த டைலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போனது. விரலை எடுத்ததும் மெல்ல வெளியே வந்தது. டைல் அப்படி அசைந்தால் அதற்குப் பின்னால் இருந்தது போய்விட்டது என்று அர்த்தம்.

எங்களுடையது டொரன்டோவுக்குக் கிழக்கே, 1980களில் கட்டிய மரச்சட்ட வீடு. டைலைக் கழற்றியபோது பின்னால் வெறும் ட்ரைவால்தான், அதாவது காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகைதான் இருந்தது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி போலக் கையோடு வந்தது. அதற்கும் பின்னால் மரச்சட்டத்தின் அடி கறுத்துப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனி அரை அங்குலம் சுலபமாக இறங்கியது. முன்பு இந்த வேலையைச் செய்தவர் யாரென்று தெரியாது. ஆனால் டைலையும் அதன் இடுக்குகளை நிரப்பும் க்ரவுட்டையும் நம்பி வேலையை முடித்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

ஊரில் வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சே புதிதாக இருக்கும். அங்கே செங்கல் சுவர், அதன் மேல் சிமெண்ட் பூச்சு, அதன் மேல் டைல்ஸ். கொத்தனார் பூசும் அந்தப் பூச்சுதான் பின்பலகை. கொஞ்சம் நீர் கசிந்தாலும் சுவர் உளுத்துப்போகாது. இங்கே சுவர் என்பது 16 அங்குல இடைவெளியில் நிற்கும் மரச்சட்டங்களும் அவற்றின் மேல் அடித்த பலகையும்தான். மரம் ஈரத்தில் உப்பும், குளிர்காலத்தில் சுருங்கும், தொடர்ந்து நனைந்தால் அழுகும். டைலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு நல்ல ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றித்தான் இந்த அலசல்.

கடைக்குப் போனால் நாலைந்து வகை போர்டு அடுக்கி வைத்திருப்பார்கள், எல்லாவற்றின் மேலும் டைல் படம் இருக்கும். விலையையோ பிராண்டையோ பார்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: தண்ணீர் எந்த இடத்தில் நிற்கப்போகிறது? சிமெண்ட் க்ரவுட் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே குளிக்கும் இடத்தில் டைலுக்குப் பின்னால் ஈரம் போகும் என்று எடுத்துக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும். அந்த ஈரம் போர்டின் முகத்திலேயே நிற்கிறதா, போர்டுக்குள் போகிறதா, போர்டையும் தாண்டி மரத்துக்குப் போகிறதா? இதில்தான் ஒவ்வொரு வகையும் பிரிகிறது.

முதலில் பச்சை நிற ட்ரைவாலை ஒதுக்கிவிடலாம். ஜிப்சத்தின் மேல் ஈரம் தாங்கும் காகிதம் ஒட்டியது அது. பல வருடங்கள் இதையே குளியல் தொட்டிச் சுவருக்கு அடித்தார்கள். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிநூல் 2006 பதிப்பில் தொட்டி, ஷவர் சுவர்களில் டைலுக்குப் பின்னால் இதை வைப்பதை நீக்கிவிட்டது. ஈரமான காற்று வேறு, நேரே அடிக்கும் தண்ணீர் வேறு. கை கழுவும் தொட்டிக்கு மேலே நாலு டைல் ஒட்டுவதென்றால் பச்சைப் பலகை போதும். ஷவரில் கூடவே கூடாது.

அடுத்தது சிமெண்ட் போர்டு. டியூராக், பெர்மாபேஸ், வொண்டர்போர்டு எல்லாம் இந்தக் குடும்பம். நடுவில் சிமெண்ட் கலவை, இரு பக்கமும் கண்ணாடியிழை வலை. பொதுவாக 3 அடிக்கு 5 அடி. ஏன் இந்த அளவு என்று எனக்கு முதலில் புரியவில்லை. இங்கே சாதாரணக் குளியல் தொட்டியின் நீளம் 5 அடி, ஆகவே பின்சுவரில் குறுக்கே வைத்தால் ஒரு பலகை சரியாக உட்காரும். அரை அங்குலப் பலகை ஒன்று 30 முதல் 45 பவுண்டு வரை கனக்கும். மாடிக்கு ஏற்றும்போது தோள் அதைச் சொல்லும்.

சிமெண்ட் போர்டு பற்றிப் பலர் தவறாக நினைத்திருக்கும் விஷயம் ஒன்று. அது தண்ணீரில் கெடாது, ஆனால் தண்ணீரைத் தடுக்காது. வாளித் தண்ணீரில் ஊறப் போட்டாலும் உருக்குலையாது. ஆனால் ஈரம் அதன் வழியே நடந்து மரத்துக்குப் போய்விடும். ஆகவே அதன் முகத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு வேண்டும். ரெட்கார்டு, அக்வாடிஃபென்ஸ், ஹைட்ரோபேன் மாதிரி வாளியில் வரும் பூச்சுகள். ரெட்கார்டு பூசும்போது இளஞ்சிவப்பாக இருக்கும், காய்ந்ததும் அடர் சிவப்பாகும். எங்கே இன்னும் ஈரம் இருக்கிறது என்று நிறமே காட்டிக் கொடுக்கும். ஒரு கோட்டோடு நிறுத்தினால் ஊசித்துளைகள் மிச்சமிருக்கும். இரண்டாவது கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்காக இழுக்க வேண்டும்.

ஹார்டிபேக்கரும் சிமெண்ட்தான், ஆனால் வலைக்குப் பதில் மரநார் கலந்து அழுத்திச் செய்தது. முகம் வழவழப்பாக, விளிம்பு உதிராமல் இருக்கும். வெட்டிய ஓரம் சுத்தமாக வரும் என்பதால் முதல் முறை வேலை செய்பவருக்குப் பிடிக்கும். ஆனால் இது தாகக்காரப் பலகை. டைல் ஒட்டும் சிமெண்ட் கலவையான தின்செட்டைத் தடவியவுடனே அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், ஒட்டுக்கலவை பிடிப்பதற்கு முன்பே காய்ந்துவிடும். தடவுவதற்கு முன் ஈரப் பஞ்சால் ஒரு தடவை துடைத்தால் இந்தத் தொல்லை தீரும். நீர்த்தடுப்போடு வரும் ஹைட்ரோடிஃபென்ஸ் வகையும் இப்போது கிடைக்கிறது. அதிலும் இணைப்புகளையும் ஸ்க்ரூ தலைகளையும் தயாரிப்பாளர் சொன்னபடி அடைத்தால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு.

டென்ஸ்ஷீல்டு கொஞ்சம் இடைப்பட்டது. உள்ளே ஜிப்சம், மேலே கண்ணாடியிழைப் பாய், முகத்தில் அக்ரிலிக் பூச்சு. சாதாரணக் கத்தியால் கீறி ஒடிக்கலாம், தூசி குறைவு. தண்ணீர் முகத்திலேயே நிற்கும், உண்மைதான். ஆனால் வெட்டிய ஒவ்வொரு விளிம்பிலும், குழாய்க்குப் போட்ட துளையிலும் ஜிப்சம் திறந்து கிடக்கும். அங்கே கவனம் தவறினால் உள்ளே இருப்பது மறுபடியும் பழைய கதைதான். நான் ஷவருக்கு இதை எடுக்க மாட்டேன்.

கடைசியாக நுரைப் பலகை. வேடி, கெர்டி-போர்டு இரண்டும் ஜெர்மானிய நிறுவனங்களின் தயாரிப்பு. நடுவில் இறுக்கமான பாலிஸ்டைரீன் நுரை. வேடியில் மேலே சிமெண்ட் கலந்த வலைப்பூச்சு, கெர்டியில் மெல்லிய துணி போன்ற முகம். கோபோர்டு இன்னொரு வகை நுரை. ஒரு கையால் தூக்கலாம், காகிதக் கத்தியால் வெட்டலாம், துளித் தூசி இல்லை. போர்டே தண்ணீரை விடாது என்பதால் பூச்சு வேலை மிச்சம். சோப்பு வைக்கும் மாடம் கூட அளவு வைத்து ரெடியாக வரும்.

பலவீனம் இரண்டு. ஒன்று விலை; பலகைக்குப் பலகை பார்த்தால் சிமெண்ட் போர்டைவிடச் சில மடங்கு அதிகம். ஆனால் சிமெண்ட் போர்டின் கணக்கில் பூச்சு வாளி, நாடா, தூரிகை, காயக் காத்திருக்கும் நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அந்த இடைவெளி நன்றாகச் சுருங்கும். இரண்டாவது, இது ஒரு குடும்பச் சாமான். கெர்டி என்றால் ஸ்க்ரூவோடு அகலமான வட்டத் தகடு, இணைப்புகளின் மேல் 5 அங்குல நாடா, ஒவ்வொரு தகட்டின் மேலும் ஒரு துண்டு. வேடி என்றால் இணைப்பில் அவர்களுடைய பசை. ஒருவருடைய பலகைக்கு இன்னொருவருடைய நாடா என்று கலந்தால் உத்தரவாதம் போய்விடும். எந்தத் தின்செட் என்பதையும் அவரவர் தாளில் பார்த்தே வாங்க வேண்டும்.

இங்கே இன்னொரு குழப்பம் உண்டு. சிமெண்ட் போர்டுக்குப் பின்னால் மரச்சட்டத்தின் மேல் பாலித்தீன் தாள் அடிப்பது பழைய முறை. ஈரம் போர்டைத் தாண்டினாலும் தாளில் வழிந்து தொட்டிக்குள் இறங்கும். அது ஒரு முழுமையான முறை. முகத்தில் பூச்சு அடிப்பது இன்னொரு முழுமையான முறை. பாதுகாப்பு இரட்டிப்பாகட்டும் என்று இரண்டையும் செய்தால் நடுவில் போன ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. உள்சுவரில் முடிவு சுலபம், ஒன்றை மட்டும் செய்யுங்கள். வீட்டின் வெளிச்சுவர் என்றால் இங்குள்ள குளிருக்காக நீராவித் தடுப்புத் தாள் விதிப்படி ஏற்கெனவே இருக்கும். அதை என்ன செய்வது என்று நகராட்சிக் கட்டட ஆய்வாளரிடம் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது.

தரைக்கு வேறு கணக்கு

தரையில் ஆட்டம் மாறுகிறது. சுவரில் எதிரி தண்ணீர், தரையில் அசைவு. இங்கே பலர் செய்யும் தவறு, தரை தளர்வாக இருக்கிறது, மேலே சிமெண்ட் போர்டு அடித்தால் கெட்டியாகிவிடும் என்று நம்புவது. ஆகாது. போர்டு தரைக்குப் பலம் தருவதில்லை, டைல் ஒட்டுவதற்கு நல்ல முகம் தருகிறது, அவ்வளவுதான். பலம் கீழே இருக்கும் உத்திரக் கட்டையிலிருந்தும் ப்ளைவுட்டிலிருந்தும் வர வேண்டும்.

செராமிக் டைலுக்குக் கட்டையின் வளைவு அதன் நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது. மார்பிள் போன்ற கல்லுக்கு 720-ல் ஒரு பங்கு. 10 அடி ஓடும் கட்டை என்றால் செராமிக்குக்கு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, கல்லுக்கு ஆறில் ஒரு பங்கு. கல் கேட்பது சரிபாதி. மனைவிக்குக் கிரானைட் ஆசை இருந்தது. கட்டைகளின் கணக்கைப் பார்த்துவிட்டு இருவரும் போர்சிலினுக்கு மாறினோம்.

தரைக்கு உண்மையான போட்டி கால் அங்குல சிமெண்ட் போர்டுக்கும் டிட்ராவுக்கும் இடையில்தான். டிட்ரா பலகை அல்ல. 1987-ல் ஷ்லூட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் விரிப்பு, சதுரக் குழிகள் போட்டது, தடிமன் அரைக்கால் அங்குலம். கீழே மரம் சுருங்கி விரியும்போது அந்த இழுப்பை டைலுக்குக் கடத்தாமல் தானே வாங்கிக்கொள்ளும். ஜனவரியில் வீட்டுக்குள் காற்று வறண்டு, ஜூலையில் புழுங்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

உயரத்தையும் பாருங்கள். கால் அங்குலப் போர்டு, அதற்குக் கீழே ஒரு தின்செட், மேலே ஒரு தின்செட், அப்புறம் டைல். வாசலில் பக்கத்து அறைத் தரையோடு படி விழும்; கழிப்பறைத் தொட்டியின் அடி வளையம் தாழ்ந்துபோகும், அதற்கு வேறு வளையம் போட்டு உயர்த்த வேண்டும். டிட்ராவில் இந்தத் தொல்லை பாதிதான். 5 அடிக்கு 8 அடிக் குளியலறைத் தரைக்கு மூன்று சிமெண்ட் போர்டு வேண்டும், வெட்டு, ஸ்க்ரூ, நாடா என்று நாள் போய்விடும். டிட்ராவை உருட்டி, வெட்டி, தின்செட்டில் அழுத்தினால் காலையிலேயே முடியும். தரைக்கு என் ஓட்டு டிட்ராவுக்கு, தயக்கமே இல்லை. போர்டுதான் வேண்டும் என்றால் பட்ஜெட் இறுக்கம் ஒன்றுதான் நியாயமான காரணம்.

போர்டே போடுகிறீர்கள் என்றால் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: கீழே தின்செட். கால் அங்குலப் பல் வைத்த கரண்டியால் ப்ளைவுட் மேல் இழுத்து, அது ஈரமாக இருக்கும்போதே போர்டை அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். ஒட்டுவதற்காக அல்ல, இடைவெளியை நிரப்புவதற்காக. இதைத் தவிர்த்த தரையில் ஒவ்வொரு மிதிக்கும் போர்டு நூலளவு இறங்கி ஏறும். ஆறு மாதத்தில் க்ரவுட் தூளாக வரும். ஸ்க்ரூ ப்ளைவுட்டோடு நிற்கட்டும், கட்டைக்குள் இறங்க வேண்டாம்.

மற்றவை சுவருக்கும் தரைக்கும் பொது. சிமெண்ட் போர்டுகளுக்கு இடையே அரைக்கால் அங்குலம் விட்டு, அந்த இடைவெளியைத் தின்செட்டால் நிரப்பி, அதன் மேல் சிமெண்டின் காரத்தைத் தாங்கும் கண்ணாடியிழை நாடா. ட்ரைவாலுக்கு வரும் வலை நாடாவைச் சிமெண்ட் தின்றுவிடும். ட்ரைவால் ஸ்க்ரூவும் வேண்டாம், துருப்பிடிக்கும், தலை ஒடியும். சிமெண்ட் போர்டுக்கென்று வரும் ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூவை 8 அங்குலத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். நாலு பலகையின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்காமல் தள்ளி அடுக்குங்கள். தொட்டியின் விளிம்பிலிருந்து போர்டின் அடியைக் கால் அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் திரி எண்ணெய் குடிப்பதுபோலத் தண்ணீரை மேலே இழுக்கும்.

தூசி பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிமெண்ட் போர்டையும் ஹார்டியையும் கிரைண்டரால் அறுத்தால் வருவது சிலிக்கா தூள், நுரையீரலில் தங்கி அதைக் கெடுக்கும். கார்பைடு நுனிக் கத்தியால் ஆழமாகக் கீறி ஒடித்தால் தூள் மிகக் குறைவு. பிப்ரவரியில் வெளியே நின்று வெட்டவும் முடியாது, கராஜ் கதவைத் திறந்து முகமூடி போட்டுக்கொண்டுதான் நான் வெட்டினேன். 1990-க்கு முந்தைய வீடென்றால் பழைய தரை விரிப்பையோ சுவரையோ உடைப்பதற்கு முன்பே ஆஸ்பெஸ்டாஸ் சோதனை செய்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு குளியலறை, இரண்டுக்கும் வேறு வேறு முடிவு எடுத்தேன். மாடியில், தொட்டிக்கு மேலே சிமெண்ட் போர்டும் இரண்டு கோட் பூச்சும். சுவர் நேராக இருந்தது, மூலைகள் குறைவு, கையில் நேரம் இருந்தது, செலவு மிச்சம். கீழ்த்தளத்தில் தொட்டி இல்லாத ஷவர். மாடமும் குட்டிச் சுவரும் மூலைகளும் நிறைய. அங்கே நுரைப் பலகை. வளைவும் மூலையும் கூடக்கூட நுரைப் பலகை தன் விலையைத் திருப்பித் தரும். அந்த ஷவர் தரையில் டைல் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தினேன். நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன், மறுநாள் கோடு அசையவில்லை.

அந்த ஷவரில் அம்மா வந்து தங்கும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். நுரைப் பலகை மனித எடையைத் தாங்காது, சிமெண்ட் போர்டும் தனியாகத் தாங்காது. சட்டங்களுக்கு நடுவே 2-க்கு 10 கட்டைகளைக் குறுக்கே அடித்து, தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்த பிறகே போர்டை மூடினேன். கைப்பிடி இன்னும் வாங்கவில்லை. வரும் மே மாதம் அம்மா வந்து நின்று, கை எட்டும் உயரத்தைக் காட்டியதும் அந்தப் படத்தைப் பார்த்துத் துளை போட வேண்டும்.