நான்கு நாள் பொறுத்து உருவிய சீட் பில்லர்

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வங்கி, பத்திரப் பதிவு, வரி என்று அலைந்து முடித்த வேலைகள் பல. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சைக்கிள் பட்டறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அங்கே நான் பார்த்த வேலை அவ்வளவு நிறைவைத் தந்தது.

சைக்கிள் அப்பாவுடையது. அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ். அப்பா போனபின் 11 ஆண்டுகளாகக் கொல்லைத் தாழ்வாரத்தில் சாரல் பட்டு நின்றது. அதில் பள்ளிக்குப் போக அக்கா மகன் ஆசைப்பட்டான். டயர், செயின், பிரேக் கட்டை எல்லாம் ஒரே நாளில் மாற்றியாகிவிட்டது. இருக்கையை மட்டும் இறக்க முடியவில்லை. அப்பா நல்ல உயரம். அவர் வைத்த உயரத்திலேயே, இருக்கையைத் தாங்கும் கம்பியான சீட் பில்லர் துருவேறி இறுகிக் கிடந்தது. பையனுக்குக் கால் எட்டவில்லை.

முதலில் போன பட்டறையில் போல்ட்டைக் கழற்றிய கையோடு பைப் ரெஞ்சைப் போட்டு இருவர் சேர்ந்து முறுக்கினார்கள். ரெஞ்சின் பல் பில்லரில் ஆழமாகப் பதிந்ததுதான் மிச்சம். "சட்டத்தையே மாற்றிவிடுங்கள் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் இரண்டு முறுக்கு விழுந்திருந்தால், பில்லர் செருகியிருக்கும் சட்டத்தின் சீட் குழாய் கிழிந்தே போயிருக்கும். எனக்கு வந்த கோபம் வீடு வந்து சேரும்வரை அடங்கவில்லை.

அடுத்து, அறுபதைத் தாண்டிய ஒருவர் தனியாளாக நடத்தும் பட்டறைக்குப் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத் துண்டு ஒன்றைப் பில்லரில் வைத்தார். அது டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இரும்புக்குள் இரும்பு. அலுமினியமாக இருந்தால் வைத்தியம் வேறு, தம்பி" என்றார்.

அந்த வேறுபாட்டை அவர் விளக்கியது மனத்தில் நிற்கிறது. இரும்பு துருவாகும்போது பருமன் கூடும். சீட் குழாயின் பின்புறப் பிளவு வழியாக இறங்கும் மழைநீர் உள்ளே துருவை வளர்க்க, அந்தத் துரு ஆப்பு அடித்ததுபோல் பில்லரைக் கவ்விக்கொள்ளும். இரும்புச் சட்டத்தில் அலுமினிய பில்லர் இருந்தால் ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடந்து, அலுமினியம் வெள்ளை உப்பாகப் பொங்கும். அங்கே சூடு காட்டினால், இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் அலுமினியம் இன்னும் இறுகும். அதைக் குளிர வைக்க வேண்டும். நம்முடையது இரும்பு என்பதால் வெளிக்குழாயை மட்டும் சூடாக்கினால் அது சற்று விரிந்து பிடியை விடும்.

ஆனால் சூடு கடைசியில்தான். அதற்கு முன், பெடல் தண்டான கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்களைத் தட்டி, கிராங்கையும் அச்சையும் கழற்றினார். சைக்கிளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, அச்சு இருந்த துவாரத்தின் வழியாகத் துரு இளக்கும் எண்ணெயைச் சீட் குழாய்க்குள் ஊற்றினார். மேலிருந்து ஊற்றினால் விளிம்பில் நின்றுவிடும் எண்ணெய், கீழிருந்து ஊற்றும்போது பில்லரின் அடிவரை போய்த் தங்கும் என்றார். "வியாழக்கிழமை வாருங்கள்." அன்று ஞாயிறு.

நான் தினமும் போனேன். தினமும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சிறிய சுத்தியலால் பில்லரின் தலையில் நாலு தட்டு. ஓங்கி அடிக்கவே இல்லை. அதிர்வில் துரு நொறுங்கி, எண்ணெய் ஊற வழி கிடைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. பில்லரை அறுத்துவிட்டு, உள்ளே ஆக்சா பிளேடை விட்டு நெடுக்காகக் கீறி மடக்கி எடுக்கும் வழியும் இருக்கிறது. பிளேடு சற்று ஆழமாகப் போனாலும் சட்டம் காயப்படும் என்பதால் அதை அவர் விரும்பவில்லை.

வியாழன் காலை எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சட்டத்தை வெளியே எடுத்துப்போய், சீட் குழாயின் மேற்பகுதியை மிதமாகச் சூடாக்கினார். இணைப்புகள் பித்தளைப் பற்றவைப்பு. செக்கச் சிவக்க விடக்கூடாது என்று சுடரை ஓர் இடத்தில் நிற்க விடவில்லை. பிறகு பில்லரின் தலையை மேசை வைஸில் இறுக்கிவிட்டு, சட்டத்தையே நெம்புகோலாக்கி, முன்முனையை நானும் பின்முனையை அவரும் பிடித்துத் திருப்பினோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பல்லைக் கூசவைக்கும் ஒரு கிரீச். ஒரு நூல் அளவு திரும்பியது. உடனே எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னார். மறுபடி எண்ணெய், மறுபடி இந்தப் பக்கம், அந்தப் பக்கம். முக்கால் மணி நேரத்தில் பில்லர் செம்பழுப்புக் குழம்பு ஒழுக ஒழுக வெளியே வந்தது. என்னை அறியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வேலை அதோடு முடியவில்லை. குழாயின் உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார்; பைப் ரெஞ்ச் விட்டுப்போன பிசிறுகளை அரத்தால் சீவினார்; கிரீஸை விரலால் வழித்துப் பூசினார். ஆண்டுக்கு ஒருமுறை பில்லரை உருவித் துடைத்து கிரீஸ் போட வேண்டும் என்று, என்னிடம் சொல்லாமல், பையனைக் கூப்பிட்டு அவனிடம் சொன்னார்.

பில்லரில் ஓரிடத்தில் துரு மோதிரம்போல் ஆழமாக அரித்திருந்தது. சட்டத்தின் விளிம்பு இருந்த இடம் அது, அப்பாவின் உயரம். உப்புத்தாளோடு அங்கே போன கையை நிறுத்தி, மேல்துருவை மட்டும் எடுத்துவிட்டு வடுவை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. இருக்கையை நான்கு விரற்கடை இறக்கியிருக்கிறோம். வளையம் இப்போது குழாய்க்குள் இருக்கிறது.