மூன்று தலைமுறையோடு வொண்டர்லா: பார்க்கிலேயே தங்குவதா, வெளியில் வீடு பிடிப்பதா?

ஏப்ரல் கடைசியில் வேலூர் வெயில் கொளுத்த ஆரம்பித்தால் எங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் பெங்களூரு பக்கத்துப் பிடதியில் இருக்கிற வொண்டர்லா பொழுதுபோக்குப் பார்க் பேச்சு வந்துவிடும். டிக்கெட் எவ்வளவு, வேன் எவ்வளவு என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். தங்கும் இடத்தை மட்டும் "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். பதினைந்து பதினாறு பேர், அதில் முட்டி வலியோடு ஒரு ஆயா, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஒரு தாத்தா, இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, பத்தாவது எழுதி முடித்த பசங்க நாலு பேர் என்று கிளம்புகிற குடும்பத்துக்கு இது போய்ப் பார்த்துக்கொள்கிற விஷயமே இல்லை.

பார்க்கை ஒட்டியே வொண்டர்லாவின் சொந்த ரிசார்ட் இருக்கிறது. வெளியே பிடதி, ராமநகரம், கெங்கேரி, பெங்களூரு ரயில் நிலையத்தை ஒட்டிய மெஜஸ்டிக் என்று வீடுகளும் லாட்ஜுகளும் இருக்கின்றன. இரண்டில் எது நல்லது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மத்தியானம் மூன்று மணிக்கு, "என்னால முடியலப்பா" என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் உங்கள் கூட்டத்தில் எத்தனை பேர்? ரோலர் கோஸ்டரில் ஏறுகிற பசங்களுக்கு எந்த ரூமாக இருந்தாலும் சரி, ராத்திரி பாய் கிடைத்தால் போதும், தூங்கிவிடுவார்கள். தங்கும் இடத்தை ஏறாதவர்களை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் வரை தேசிய நெடுஞ்சாலை, எலக்ட்ரானிக் சிட்டியில் நைஸ் ரோடு பிடித்து நகரத்துக்குள் நுழையாமல் மைசூர் ரோட்டில் இறங்கினால் பிடதி. மொத்தம் 230, 240 கிலோமீட்டர் வரும். வயதானவர்களோடு, இரண்டு இடத்தில் நிறுத்தி, காபி குடித்துப் போனால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. விடியற்காலை நாலரைக்கு வேன் கிளம்பினால் பத்து மணி வாக்கில் சேரலாம். பார்க் வழக்கமாகக் காலை 11 மணிக்குத்தான் திறக்கும், தண்ணீர் விளையாட்டுகள் அதற்கும் கொஞ்சம் தள்ளித்தான் ஆரம்பிக்கும்.

இதை வைத்துப் பார்த்தால், ரிசார்ட்டில் ரூம் போடுகிற நிறையப் பேர் தவறான ராத்திரியைப் போடுகிறார்கள் என்பது புரியும். பார்க்குக்குப் போகிற நாளுக்கு முந்தின ராத்திரி தங்குவார்கள், காலையில் எழுந்ததும் வாசலிலேயே பார்க் இருக்கட்டும் என்று. ஆனால் ரிசார்ட்டோ ஹோட்டலோ, பொதுவாகப் பகல் பதினொன்று, பன்னிரண்டுக்குள் ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள். பார்க் திறக்கிற நேரமும் ரூம் கையை விட்டுப் போகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயாவுக்கு மூன்று மணிக்குப் படுக்க இடம் வேண்டும் என்றுதானே அந்தக் காசைக் கொடுத்தோம்? அந்த மூன்று மணிக்கு ரூம் இல்லை, சாமான்கள் வரவேற்பறையில் கிடக்கும். பார்க் போகிற அன்று ராத்திரிக்கு ரூம் போட்டால் கதையே வேறு. காலையில் வந்து சேர்ந்து பைகளை ரிசார்ட்டில் ஒப்படைத்துவிட்டுப் பார்க்குக்குள் போகலாம், மதியம் செக்-இன் நேரம் வந்ததும் ஒருவர் போய்ச் சாவி வாங்கிப் பெரியவர்களை அழைத்துப்போகலாம். ரிசார்ட்டின் கூடுதல் விலைக்கு உண்மையான மதிப்பு இந்த மதியத்தில்தான் இருக்கிறது. இந்த மதியம் உங்களுக்குத் தேவையில்லை என்றால் ரிசார்ட்டும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது இன்னும் பொருந்தும். 85 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் அது ஏறக்கூடியதும் அங்கே கொஞ்சம்தான். ஈரத்தோடு, தூக்கத்தோடு அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு அதன் அம்மா ஒரு பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ குடும்பத்தில் பார்க்கலாம். மற்றவர்கள் வேவ் பூலில் இருப்பார்கள், அந்தப் பெண்ணுக்கு மட்டும் அந்த நாள் முழுக்க வேலை. நடந்து போகிற தூரத்தில் ரூம் இருந்தால் குழந்தையைத் தூங்க வைத்து ஆயாவோடு விட்டுவிட்டு அவளும் ஒரு மணி நேரம் தண்ணீரில் இறங்கலாம். இதற்காகக் கொடுக்கிற காசை நான் வீண் என்று சொல்லவே மாட்டேன். ஒன்று மட்டும் புக் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: வெளியே வந்தவர் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே போகலாமா? கூடாது என்றால் அந்தத் திட்டம் படுத்துவிடும், பெரியவர்கள் ஒரேயடியாக ரூமுக்குப் போவதற்குத்தான் உதவும்.

சரி, ரிசார்ட்டில் என்ன குறை? முதல் குறை, அங்கே இருப்பதே 84 ரூம்தான். மே மாத சனிக்கிழமைக்கு ஐந்து ரூம் சேர்ந்தாற்போல வேண்டும் என்றால் நன்றாக முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும், அப்போதும் ஐந்தும் ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. இரண்டாவது குறை எனக்குப் பெரிதாகப் படுவது: எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு கூடம் இல்லை. பெரிய குடும்பம் ஊருக்குப் போவதே ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்து பேசத்தான். ரூம் ரூமாகப் பிரிந்து கதவைச் சாத்திவிட்டால், பெரியப்பா ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம், பசங்க மட்டும் வராந்தாவில் ஓடிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது, சாப்பாடு. பதினாறு பேருக்கு இரண்டு வேளை ரிசார்ட் உணவகத்தில் சாப்பிடும் பில்லை ரூம் வாடகையோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான தொகை தெரியும். காலை உணவு வாடகையில் அடங்குமா, எக்ஸ்ட்ரா பெட் போட்டுப் படுக்கிற மூன்றாவது ஆளுக்கும் அடங்குமா என்பதைத் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

வெளியில் முழு வீடு ஒன்றை எடுப்பது இந்த மூன்று குறைக்கும் பதில். பிடதி, ராமநகரம் சுற்றுவட்டாரத்தில் தோட்ட வீடு, ஹோம்ஸ்டே என்று ஒரு குடும்பத்துக்கே மொத்தமாக விடுகிற இடங்கள் உண்டு. ஒரு கூடம், ஒரு சமையலறை, முன்னால் ஒரு திண்ணையோ புல்தரையோ இருக்கும். தாத்தாவுக்கு நேரத்துக்கு ரசம் சாதம், குழந்தைக்கு இட்லி என்று வீட்டில் செய்கிற மாதிரியே செய்துகொள்ளலாம். காலையில் பிடதி தட்டே இட்லி வாங்கி வரலாம், பெங்களூருக்காரர்களே வண்டி எடுத்துக்கொண்டு வந்து சாப்பிடுகிற இட்லி அது. அப்புறம் ஈரத்துணி. தண்ணீர் விளையாட்டுகளில் பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள், நைலான் மாதிரியான துணிதான் போடவேண்டும். பதினாறு பேருடைய அந்தத் துணியை ரிசார்ட் குளியலறையில் எங்கே காயப்போடுவது? வீடு என்றால் மொட்டைமாடியில் ஒரு கொடி கட்டினால் முடிந்தது.

ஆனால் வீட்டில் ஏமாற்றமும் அதிகம், படத்தைப் பார்த்து மயங்கிவிடக்கூடாது. எங்கள் உறவுக்காரர் குடும்பம் ஒன்று இப்படி ஒரு தோட்ட வீட்டில் தங்கியபோது, ராத்திரி எல்லாரும் பார்க்கிலிருந்து திரும்பி ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கப் போய், ஏழாவது ஆளுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வந்து மோட்டார் போடக் காலை ஆகிவிட்டது. குளோரின் தண்ணீரில் ஊறிவிட்டு வந்த உடம்போடு அப்படியே படுத்தார்கள், பாவம். ஆகவே வீடு என்றால் நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை பாத்ரூம், சுடுதண்ணீர் எதில் வருகிறது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா, ராத்திரி கூப்பிட்டால் வரும் ஆள் உண்டா என்று கேளுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை, அதில் மேற்கத்திய டாய்லெட், இது இரண்டும் இல்லாத வீட்டுக்கு முட்டி வலிக்காரரைக் கூட்டிப்போகாதீர்கள்.

மெஜஸ்டிக், கெங்கேரி லாட்ஜுகள் மூன்றாவது வழி. காட்பாடியிலிருந்து லால்பாக், பிருந்தாவன் மாதிரி ரயிலில் போகிறவர்களுக்கு மெஜஸ்டிக் வசதி, இறங்கினால் எதிரிலேயே லாட்ஜ். ஆனால் அங்கிருந்து பிடதி முப்பது கிலோமீட்டருக்கு மேல், மைசூர் ரோட்டு நெரிசலில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் போய்விடும். மெட்ரோவின் ஊதா வழித்தடம் 2023 அக்டோபரிலிருந்து கெங்கேரியைத் தாண்டிச் சல்லகட்டா வரை போகிறது, அதனால் மெஜஸ்டிக்கில் தங்கிப் பாதித் தூரத்தை மெட்ரோவில் கடக்கலாம். மிச்சத் தூரத்துக்கு ஆட்டோ பிடித்தால் பெங்களூரு-மைசூர் விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் ஆட்டோவை விடமாட்டார்கள், சர்வீஸ் ரோட்டில்தான் போகவேண்டும். நாலு இளைஞர்கள் போவதென்றால் இதெல்லாம் ஒன்றுமில்லை. பெரிய குடும்பத்துக்கு, அதுவும் வயதானவர்களோடு, இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

பணக் கணக்கில் எல்லாரும் ரூம் வாடகையை மட்டும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார்கள். வெளியில் தங்கினால் வேன் ஓடுகிற கூடுதல் கிலோமீட்டரைச் சேருங்கள். வீடு பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்து, காலையில் அங்கிருந்து கிளம்பி, பெரியவர்களை மதியமே கொண்டுபோய் விட்டுவிட்டு மற்றவர்களுக்காகச் சாயங்காலம் மறுபடி வரவேண்டும் என்றால், அந்த ஒரே நாளில் அறுபது கிலோமீட்டர் கூடும், மைசூர் விரைவுச்சாலையில் ஏறினால் டோலும் உண்டு. தமிழ்நாட்டு வேன் கர்நாடகத்துக்குள் ஓட பெர்மிட், வரி யார் பொறுப்பு என்பதை வாடகை பேசும்போதே முடித்துவிடுங்கள்.

வரியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். நாலு பேர் படுக்கிற பெரிய ரூம் ஒன்று அந்த வரம்பைத் தாண்டுவதும், இரண்டு சாதாரண ரூம் தாண்டாமல் நிற்பதும் நடக்கும். ஆகவே யாராவது விலை சொன்னால் வரியோடு சேர்த்தா என்று கேட்காமல் ஒப்பிடாதீர்கள்.

டிரைவர் அண்ணனை யாரும் கணக்கில் வைப்பதில்லை, எனக்கு இது உறுத்தும். விடியற்காலை நாலரையிலிருந்து ஓட்டி வந்தவர், மறுநாள் மறுபடி ஐந்து மணி நேரம் நம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டப்போகிறவர். ரிசார்ட் என்றால் டிரைவர் தங்க இடம் உண்டா, இல்லாவிட்டால் பக்கத்தில் எங்கே என்று கேளுங்கள். வீடு என்றால் அவருக்கு என்று ஒரு கட்டிலும் ஃபேனும் ஒதுக்குங்கள். பாட்டா கொடுத்துவிட்டோம், வேனில் படுத்துக்கொள்ளட்டும் என்பது நம் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிற பேச்சு.

என்னைக் கேட்டால் இரண்டையும் கலப்பதுதான் பெரிய குடும்பத்துக்குச் சரி. பார்க் போகிற அன்று ராத்திரிக்கு ரிசார்ட்டில் இரண்டே ரூம், பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும். மற்ற எல்லாருக்கும் பிடதிப் பக்கத்திலேயே ஒரு வீடு, பத்து நிமிஷத் தூரத்தில். பெரியவர்கள் மதியம் ரூமில் படுத்து எழுந்து, பார்க் மூடியதும் எல்லாரும் வீட்டுக்குப் போய் ஒன்றாகச் சாப்பிட்டு, விருப்பப்பட்டவர்கள் ரிசார்ட்டுக்குத் திரும்பலாம். மறுநாள் சன்னபட்டணம் போய் மர பொம்மை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். பெரியவர்கள் யாருமே பார்க்குக்குள் வரப்போவதில்லை, சும்மா பேரப்பிள்ளைகளோடு ஊர் மாற்றத்துக்குத்தான் வருகிறார்கள் என்றால் ரிசார்ட்டே வேண்டாம், நல்ல வீடாகப் பிடித்து அவர்களை அங்கேயே நிம்மதியாக உட்கார வையுங்கள், உள்ளே போகாதவர்களுக்கு டிக்கெட் செலவும் மிச்சம். கூட்டத்தில் அறுபது வயதைத் தாண்டியவரும் இல்லை, ஐந்து வயதுக்குக் கீழேயும் யாரும் இல்லை என்றால் கேள்வியே இல்லை, வீடுதான்.

2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறந்துவிட்டதால் சிலர் இந்தத் தலைவலியே வேண்டாம் என்கிறார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர், காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். பசங்களுக்கு மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மே மாதத்தில் வேலூர் வெயிலிலிருந்து தப்பிக்க நினைக்கிறவர்களுக்கு அந்தக் கடலோர வெக்கை ஆறுதல் தராது, பெங்களூரு பக்கத்துச் சாயங்காலக் காற்றுக்காகவே ஒரு ராத்திரி தங்கலாம்.

புக் செய்யும் வரிசையையும் மாற்றுங்கள். முதலில் ரிசார்ட்டில் அந்த இரண்டு ரூம், அப்புறம் வீடு, அதற்கப்புறம் வேன், கடைசியில் பார்க் டிக்கெட். ரூம் கேட்ட சனிக்கிழமைக்குக் கிடைக்கவில்லை என்றால் தூரத்தில் ஒரு லாட்ஜைத் தேடி அலையாமல் தேதியைச் செவ்வாய், புதனுக்குத் தள்ளுங்கள். பள்ளி விடுமுறைதானே, பசங்களுக்கு எந்தக் கிழமையும் ஒன்றுதான், வார நாளில் டிக்கெட் விலையும் குறைவு, வரிசையில் நிற்கிற நேரமும் குறைவு. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் லீவு போட்டால் போதும்.