சுங்குடி முடிச்சு: போனைப் பார்த்தா, பாட்டியைப் பார்த்தா?

துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளியாக வரும் மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கையால் முடிச்சுப் போடத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அண்ணன் மகளுக்குக் கற்றுக்கொள்ள ஆசை. முதலில் யூடியூப்.

வீடியோவைக் குறை சொல்ல முடியாது. நிறுத்தலாம், திரும்பப் போடலாம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பார்க்கலாம். துணியை மடிப்பது, புள்ளி வைப்பது எல்லாம் அதிலேயே பிடிபட்டது. ஆனால் முடிச்சு எவ்வளவு இறுகணும் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதே! சாயத்தில் முக்கி நூலைப் பிரித்தால் பாதிப் புள்ளியைக் காணோம். தளர்ந்த முடிச்சுக்குள் சாயம் புகுந்துவிட்டது.

அப்புறம்தான் பக்கத்துத் தெரு சௌராஷ்டிரப் பாட்டி. விளக்கமெல்லாம் கிடையாது. துணியை நகத்தால் துளி கிள்ளி, நூலைச் சுற்றி, "இழுத்துப் பாரு பாப்பா" என்று முனையை அவள் கையில் கொடுத்தார். இவள் போட்ட முடிச்சை விரலால் தடவிவிட்டு, "இது நிக்காது, பிரி" என்றார். அந்தத் தடவல் எந்த வீடியோவிலும் இல்லை. ஒரே தொல்லை, பாட்டிக்கு முட்டுவலி வந்தால் வகுப்பு லீவு.

என் ஓட்டு பாட்டிக்கே. புது டிசைன் தேட மட்டும் போன் போதும். இப்போதெல்லாம் அவள் கட்டைவிரல் நகத்தை வெட்டுவதே இல்லை, அண்ணிக்குத்தான் எரிச்சல்.