பாப்பாவுக்கு நீல லைட் மெஷின் வாடகை: மெஷினுக்கு 5 ஸ்டார், கடைக்கு 3

பாப்பா பொறந்து நாலாவது நாள் பாலிகிளினிக்ல குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க, மஞ்சக்காமாலை அளவு 268 (லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்குல), வார்டுல சேர்க்க வேணாம், லைட் மெஷின் வாடகைக்கு எடுத்து வீட்டுலயே வைங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க சிங்கப்பூர்ல பொறக்குற பிள்ளைங்களுக்கு தொப்புள்கொடி ரத்தத்துலயே ஜி6பிடி (ரத்த சிவப்பணுவ காப்பாத்துற ஒரு என்சைம்) பார்த்துடுவாங்க, எங்களுக்கு அது நார்மல், குறை இருந்திருந்தா பீரோவுல அந்துருண்டை கூட வைக்கக்கூடாது, அது சிவப்பணுவ உடைச்சு மஞ்சள கூட்டிடும்.

ஊர்லேர்ந்து பிள்ளை பார்க்க வந்த அம்மாவுக்கு வாடகை கேட்டதும் கோவம். "ஏண்டி, ஒரு நாளைக்கு 70 வெள்ளியா? காலை வெயில்ல காட்டு, உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன்"ன்னாங்க. அம்மா சொல்றதுல பாதி நிஜம்தான், இந்த வைத்தியமே வெயில்லதான் ஆரம்பிச்சுது. 1956ல இங்கிலாந்துல ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரில வார்ட்ங்குற பேருல ஒரு நர்ஸ் பிள்ளைங்கள வெளிய தூக்கிட்டுப் போயி வெயில் காட்டுவாங்களாம், ஒரு பிள்ளைக்கு துணி முனை மூடியிருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளா இருக்க, மத்த இடமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. ஆனா வெயில்ல சூடும் புறஊதாவும் சேர்ந்து வரும், எவ்வளவு பட்டுச்சுன்னு அளவும் கிடையாது. மெஷின்ல வர்றது 460 நானோமீட்டர் பக்கத்துல இருக்குற நீலம், அது தோல்ல இருக்குற பிலிருபினோட (மஞ்சள் நிறத்துக்கு காரணமே இதுதான்) வடிவத்த மாத்தி தண்ணில கரைய விட்டுடும், ஈரல் மெனக்கெடாமலே வெளிய போயிடும்.

சரி, கடைக்கு வருவோம். மத்தியானம் 3 மணிக்குன்னாங்க, ஆறரைக்குதான் பெல் அடிச்சாங்க. கொண்டு வந்த தம்பி பாவம், லிப்ட் நிக்காத மாடி, தூக்கிட்டு ஏறுனாரு, ஆனா எப்படி வைக்கணும்னு ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டு கிளம்பிட்டாரு. கண்ணு மறைக்குற பட்டை பாப்பாவுக்கு பெருசு, மூக்கு மேல சரிஞ்சுகிட்டே இருந்துச்சு, வாட்சப்புல கேட்டா மறுநாள்தான் சின்னது வந்துச்சு. அந்த ராத்திரி முழுக்க நானும் அவரும் மாத்தி மாத்தி உக்காந்து பட்டைய பிடிச்சுகிட்டிருந்தோம்!

மெஷின் மட்டும் தங்கம். ஏணை மாதிரி மெல்லிசு துணி, கீழேருந்து எல்இடி, சூடே இல்ல. டயப்பர் மட்டும் போட்டு படுக்க வைக்கணும், பால் குடிக்க மட்டும் எடுக்கலாம். ஆய் பச்சையா தண்ணியா போகும், பயப்படாதீங்க, மஞ்சள் வெளிய போற வழி அதுதான், பால் மட்டும் அடிக்கடி குடுங்க. ரெண்டாம் நாள் டயப்பர கழட்டுனா அது மூடியிருந்த இடம் மட்டும் கோடு போட்ட மாதிரி மஞ்சளா நின்னுச்சு, அந்த நர்ஸ் பார்த்த முக்கோணம் மாதிரியே. அம்மாவ கூப்பிட்டு காட்டினேன், ஒண்ணும் பேசல, போயி எனக்கு பூண்டுக் குழம்பு சூடு பண்ணாங்க.

தோல் வெளுத்துடுச்சுன்னு நீங்களா மெஷின நிறுத்திடாதீங்க. நெத்தில வச்சு பளிச்சுனு அடிச்சு பார்க்குற கருவியும் லைட் வச்சதுக்கப்புறம் சரியா காட்டாது, ரத்தம்தான் எடுக்கணும். எங்களுக்கு ரெண்டு நாள் கழிச்சு 196, டாக்டர் போதும்னுட்டாரு. ஆனா குறைஞ்சது மூணு நாள் வாடகைன்னு கடைக்காரங்க ஒத்த கால்ல நின்னாங்க, அத முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

டெபாசிட் 200 வெள்ளி திரும்பி வர ஒன்பது நாள் ஆச்சு. எதிர் புளோக் அக்கா இன்னும் கீழ பார்க்குறப்பல்லாம் கேக்குறாங்க, "என்னம்மா, இப்பல்லாம் ராத்திரி உங்க வீட்டுல டிஸ்கோ இல்லையா"ன்னு.