ஒன்பது வருடம், ஒரு பழைய மியாட்டா, ஒரு சின்ன கராஜ்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னிடம் வந்து ஒன்பது வருடமாகிறது. 1990ல் செய்த வண்டி, 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், மடக்கும் துணிக்கூரை. மியாட்டா என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். கியர்பாக்ஸின் உட்புறத்தை விட்டால் இதில் நான் கழற்றிப் பார்க்காத இடம் அனேகமாக இல்லை. ஓட்டிய நேரத்தையும் அடியில் படுத்திருந்த நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் இரண்டும் சரிக்குச் சரி வரும். அதனால் ஓட்டம் எப்படி என்பதைக் கொஞ்சமாகவும், ஸ்பேனரும் கையுமாக இதனுடன் வாழ்வது எப்படி என்பதை நிறையவும் எழுதுகிறேன்.

இந்தக் காரை 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில்தான் முதன்முதலாகக் காட்டினார்கள். லோட்டஸ் எலான் மாதிரியான பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களின் (கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார்களின்) சுகம் வேண்டும், ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பவும் வேண்டும் என்பதுதான் எண்ணம். எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சக்கரத்தில், இரண்டே இருக்கை, எடை ஒரு டன்னுக்கும் குறைவு, சக்தி சுமார் 115 குதிரை. குதிரையும் வீரனும் ஓருடல் என்ற பொருளில் ‘ஜின்பா இத்தாய்’ என்று ஜப்பானிய மொழியில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். விளம்பர வாசகம் என்றுதான் முதலில் நினைத்தேன். எடை முன்னும் பின்னும் சமமாக விழ வேண்டும் என்று பேட்டரியைக்கூட டிக்கியில் வைத்திருப்பதையும், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) பிணைத்து ஓர் அலுமினியச் சட்டம் நீளமாக ஓடுவதையும் கண்ணால் பார்த்த பிறகு நம்பிக்கை வந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வண்டி தயங்காமல் பாய்வதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

அந்தச் சட்டத்தில் மட்டும் ஜாக் வைத்துவிடாதீர்கள். முன்பக்கத்துக்குக் குறுக்குச் சட்டத்தின் நடு, பின்பக்கத்துக்கு டிஃபரன்ஷியல் கூடு, இவைதான் தூக்கும் இடங்கள். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கி, வண்டியை ஒருமுறை கையால் நன்றாக அசைத்துப் பார்த்து, கழற்றிய சக்கரத்தையும் அடியில் படுக்கப் போட்ட பிறகுதான் நான் உள்ளே நுழைவேன். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போனதில்லை. இதில் மட்டும் சமரசமே கிடையாது.

முதல் இரண்டு வருடம் நான் செய்தது பெரும்பாலும் தப்பான வேலை. வாங்கிய மாதமே உயரம் குறைக்கும் ஸ்பிரிங், விறைப்பான டேம்பர் (ஷாக் அப்சார்பர்), அகலச் சக்கரம் என்று மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஓட்டினால் ஒவ்வொரு மேட்டிலும் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அளவு மீறி அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இடித்தது, ரோட்டில் கோடு கண்ட இடமெல்லாம் ஸ்டியரிங் தானாக இழுத்தது. எத்தனையோ பேர் புகழ்ந்த வண்டி இதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கண்ணைத் திறந்துவிட்டது ஒரு நைலான் புஷ், அதாவது அசையும் இரண்டு பாகங்களுக்கு நடுவே மாட்டும் சின்ன வளையம். கியர் லிவர் கஞ்சியில் விட்ட கரண்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நடுக் கன்சோலிலிருந்து கால் பக்கம் சூடும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்சோலைக் கழற்றி, லிவரை அதன் குழியிலிருந்து மேலே இழுத்தேன். அடியில் இருந்த ரப்பர் உறை கிழிந்து நாராகத் தொங்கியது. லிவரின் முனைக் குண்டைச் சுற்றி இருக்க வேண்டிய புஷ் இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. இந்த லிவர் உட்காரும் குழிக்கென்று தனியாகக் கொஞ்சம் ஆயில் உண்டு, கியர்பாக்ஸ் ஆயிலோடு அது கலக்காது. என் வண்டியில் அந்த இடம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. துடைத்து, புது புஷ்ஷும் புது உறைகளும் போட்டு, ஆயில் விட்டு மூடினேன். இரண்டு மணி நேர வேலை. அன்று மாலை இரண்டிலிருந்து மூன்றுக்கு லிவரைத் தள்ளியபோது, துப்பாக்கியின் போல்ட்டை இழுத்தது மாதிரி ‘டக்’ என்று விழுந்தது. சும்மா நின்றபடியே பத்து தடவை போட்டுப் பார்த்தேன். அதுவரை நான் மாட்டிய அத்தனை பாகமும் சேர்ந்து தராத சந்தோஷத்தை அந்தப் பட்டாணி அளவு நைலான் தந்தது.

அதோடு முடிவு செய்தேன்: இந்த வண்டியை முதலில் அது பிறந்தபடி ஆக்க வேண்டும், மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. நாம் ‘மேம்படுத்தப்’ போகும் முப்பது வருட வண்டி, அதைச் செய்தவர்கள் செய்த வண்டியே இல்லை. ரப்பர் இறுகிவிட்டது, டயர் காய்ந்துவிட்டது, சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்க்கின்றன. அதன்மேல் போய் விறைப்பான ஸ்பிரிங் மாட்டினால் நோயாளிக்குப் புதுச் சட்டை போட்ட கதைதான்.

ஸ்பிரிங்கை எல்லாம் கழற்றி வைத்தேன். 14 அங்குலச் சக்கரமும் 185/60 டயரும் திரும்ப வந்தன. (வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். தேயாமல் கட்டை நிறைய இருந்தாலும் வயதான டயர் பிடிக்காது.) நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு) என்பதால் புஷ்கள் ஏராளம். அதில் உயிரை வாங்கியது கீழ்க்கையின் நீள போல்ட். அலைன்மென்டை (சக்கரங்கள் நிற்கும் கோணத்தை) மாற்றுவதற்கான கேம் போல்ட்கள் அவை. பல வருடம் யாரும் தொடாமல் இருந்தால் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் தினமும் துருநீக்கி எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன், அசையவில்லை. கடைசியில் புஷ்ஷோடு சேர்த்து அறுத்துத்தான் எடுத்தேன். புதிய போல்ட்களைக் கிரீஸ் தடவிப் போட்டிருக்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை தளர்த்தித் திருப்பி மறுபடி முடுக்குகிறேன்.

அலைன்மென்டையும் வீட்டிலேயே பார்க்கக் கற்றுக்கொண்டேன். வண்டியின் இருபுறமும் ஸ்டாண்டில் நூல் கட்டி, இரண்டு நூலும் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக வந்த பிறகு, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை இரும்பு ஸ்கேலில் அளப்பது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கையில் தெரிகிறது. முதல் தடவை நான்கு மணி நேரம் பிடித்தது, இப்போது ஒன்றரை மணி நேரம். அது முடிந்து ஓட்டிய அன்றுதான் இந்தக் காரை ஏன் கொண்டாடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. வளைவில் நுழையும்போது வண்டி என் இடுப்பிலிருந்து திரும்புவது மாதிரி இருந்தது.

ஆயில் ஒழுகலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது வருடம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டுச் சொட்டாக ஆயில். ஒரு பட்டறையில் காட்டினேன். கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். பெரிய வேலை. ஒப்புக்கொள்ளும் முன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் தேடினேன். ஒழுகலின் மேல்முனையைத்தான் தேட வேண்டும், ஆயில் கீழேதான் ஓடும். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் கோணத்தை அளக்கும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் கழுத்தில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கல்லாகி, அங்கிருந்து வழிந்த ஆயில் பின்பக்கமாக இறங்கிக் கீழே சொட்டியிருக்கிறது. ஒரே ஒரு போல்ட், ஒரு ஓ-ரிங். விரல் நுழையவே சிரமப்படும் இடம், முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த சென்சாரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) மாறிவிடும். கழற்றும் முன் ஹெட்டோடு சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். மாட்டியபின், எஞ்சின் அறையில் உள்ள டயக்னோசிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, டைமிங் லைட்டில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் தீப்பொறி வருகிறதா என்று பாருங்கள். வயரைத் திரும்ப எடுக்க மறக்காதீர்கள்.

பின்சக்கர பிரேக் பேட் மாற்றுவதில் புதிதாக வருபவர்கள் எல்லாரும் தடுக்குவார்கள். முன்பக்கம் மாதிரி கிளாம்ப் போட்டு அமுக்கினால் பிஸ்டன் உள்ளே போகாது. ஹேண்ட் பிரேக் இயக்கமும், பேடை டிஸ்க்கில் அழுத்தும் அதே காலிப்பருக்குள் இருப்பதால் பிஸ்டன் ஒரு திருகின்மேல் உட்கார்ந்திருக்கிறது. காலிப்பரின் பின்னால் ஒரு மூடி போல்ட் உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ நுழையும் குழி. இடப்பக்கமாகத் திருப்பத் திருப்ப பிஸ்டன் தானாக உள்ளே போகும். புதிய பேட் போட்டபின் வலப்பக்கமாகத் திருப்பி, பேட் டிஸ்க்கைப் பிடித்ததும் மூன்றில் ஒரு சுற்று பின்னால் விட வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிப்பில்லை என்று கேபிளை இழுத்து இழுத்து முடுக்குபவர்கள் பலர் இந்தத் திருகைத் தொட்டதே இல்லை.

பிரேக் ஆயில் மாற்றும்போது பெடலில் உட்காருவது என் மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

“அமுக்கும்மா.”

“அமுக்கிட்டேன்ப்பா.”

“நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே.”

“அப்பா, கீழ போகுது, கீழ போகுது… தரை தட்டிருச்சு.”

பழைய ஆயில் வெளியேறும் நிப்பிளை மூடிவிட்டு “இப்ப விடு” என்பேன். கண்ணாடி ஜாடியில் முங்கியிருக்கும் குழாய் முனையில் குமிழி நின்று, கறுப்பு ஆயில் தேன் நிறமாக மாறும்வரை இதே பேச்சு நான்கு சக்கரத்துக்கும் நடக்கும். பிறகு ஒருநாள் ‘உள்ளே என்னதான் நடக்குது’ என்று கேட்டு அவளே இறங்கி வந்து நிப்பிளைத் திருப்பினாள், நான் பெடலில் உட்கார்ந்தேன்.

1990 வண்டி வாங்குபவர்கள் கிராங்க் புல்லியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஆரம்பகால 1.6 எஞ்சினில் கிராங்க்கின் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன்முனை, குட்டை. புல்லியில் நான்கு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னால் வந்த நீள மூக்கு. டைமிங் பெல்ட் மாற்றியவர்கள் நடு போல்ட்டை அளவாக முடுக்காமல் விட்டிருந்தால், புல்லி மெல்ல ஆடி, சாவிக் குழியை (புல்லி நழுவாமல் பிடிக்கும் துண்டு உட்காரும் இடம்) தின்றுவிடும். அதற்குப் பிறகு டைமிங் நிற்காது. என்னுடையது நான்கு வெட்டு. எஞ்சினை ஓடவிட்டு, புல்லி தள்ளாடுகிறதா என்று பக்கத்தில் குனிந்து பார்த்தேன், நேராகத்தான் சுற்றியது. பெல்ட் மாற்றியபோது முடுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சில் முடுக்கி, போல்ட் தலையிலிருந்து புல்லிவரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அந்தக் கோடு உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது என்பது பெரிய ஆறுதல்.

பெல்ட் கழற்றிய கையோடு கேம்களையும் எடுத்து, பதினாறு ஹைட்ராலிக் லிஃப்டர்களையும் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி வராமல் பார்ப்பவை) வரிசைமாறாமல் முட்டை அட்டையில் அடுக்கிக் கழுவினேன். குளிர் எஞ்சினைக் கிளப்பியதும் தையல் மெஷின் மாதிரி டிக்டிக்கென்று அடிப்பது இவைதான். அழுக்கு ஆயிலில் அடைத்துக்கொள்ளும். இப்போது சத்தம் அனேகமாகப் போய்விட்டது. ரொம்ப நாள் நிறுத்திவைத்துக் கிளப்பினால் ஒரு நிமிடம் அடிக்கும், பிறகு அடங்கும்.

மற்றவை சுருக்கமாக. முதல் கியரும் ரிவர்ஸும் விழ அடம்பிடித்தால் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், ஈரமாக இருக்கும். பெடல் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று புதிதானால் மற்றது அடுத்த சில மாதத்தில் விட்டுக்கொடுக்கும். ரேடியேட்டரின் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பாகிவிட்டால் அது வெடிக்கக் காத்திருக்கிறது. பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால் வாயு வெளியேறும் குழாய் வைத்த வகைதான் வேண்டும்.

எனக்கு மனசு கேட்காத ஒரே விஷயம் துரு. துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர், இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு பக்கமும் துளை வழியாகக் கீழே போக வேண்டும். இலையும் தூசும் அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் கதவுக்கடியில் உள்ள சில் பெட்டிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் சில் முடியும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். என் வண்டியின் இடப்பக்கம் ஐந்தாவது வருடம் மொறுமொறுவென்று உள்ளே போனது. வாங்கிய அன்றே அந்தத் துளையில் வளையும் பிளாஸ்டிக் குழாயை விட்டுத் துழாவியிருந்தால் அந்தத் தகடு இன்றும் இருந்திருக்கும். வெல்டிங் எனக்கு வராது, அதைத் தெரிந்தவர் கையில்தான் கொடுத்தேன். இப்போது மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு குவளை தண்ணீரை ஊற்றி, அது சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வந்து விழும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வலப்பக்கம் இன்னும் அசல் தகடுதான். போன வாரம் ஊற்றியபோது தண்ணீர் தெளிவாக வந்தது.